கொத்தனார் வருவதற்கு முன்: வீட்டு அருங்காட்சியகப் பொருட்களை நகர்த்துதல்

செட்டிநாட்டு வீடுகளில் கூரை ஒழுகலைச் சரிசெய்யவோ சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பிக்கவோ ஆரம்பித்தால், முதல் எதிரி தூசி. இரண்டாவது ஈரம். சுண்ணாம்பு காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சுவர் நீரை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் ஓலைச்சுவடியில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

எதையும் தொடுமுன் எண்ணிட்டு, நான்கு பக்கமும் படம் எடுங்கள். எண்ணைப் பருத்தி நூலில் அட்டையாகக் கட்டலாம். ஒட்டுத்தாள் கூடாது, பிசின் பொன்பூச்சை உரித்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியம்தான் அதிகம் படுத்தும். பலகைமேல் துணி, அதன்மேல் சுண்ணப் பசை, பொன் தகடு, கற்கள். பலகை ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கும்போது பசை வெடிக்கிறது. மேற்புறத்தில் குமிழ் உறை (பபிள் ரேப்) படவே கூடாது. சட்டத்தின் அடிப்பக்கத்தை இருவர் தாங்கி, நிமிர்த்தியே தூக்குங்கள். மேல்சட்டத்தையோ தொங்கவிடும் கம்பியையோ பிடித்துத் தூக்கினால் மூட்டு கழன்றுவிடும். பெல்ஜியம் கண்ணாடியையும் படுக்க வைக்காதீர்கள், தன் எடையிலேயே விரிசல் விடும்.

மங்குச் சாமான்களை (பீங்கான், எனாமல் பாத்திரங்களை) ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவது நம் வழக்கம். இங்கே அது ஆகாது. பர்மா மரவைகளை (அரக்குப் பூசிய பாத்திரங்களை) வெயில்படும் வளவில், அதாவது நடு முற்றத்தில், வைத்தால் அரக்குப் பூச்சு வெடிக்கும்.

ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில் வண்டி உருட்டுமுன் ஒட்டுப்பலகை விரியுங்கள். தற்காலிக அறையில் பெட்டிகள் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும், சுவரிலிருந்து விலகியும் இருக்கட்டும். கரையான் ஏறினால் கண்ணில் படும்.