அம்மாவிடம் "எப்படி இருக்கு?" என்று நான் கேட்பதில்லை

எங்கள் வீடு மும்பை சயான் கோலிவாடாவில். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. 3 வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், கூடவே 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு. டிரிப் ஏற்றும் ஒருநாள்தான் ஆஸ்பத்திரி, மற்ற நாளெல்லாம் வீடு. நான் வாஷிக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

போன் பண்ணிக் கேட்டால் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லடி, நல்லாத்தான் இருக்கேன்."

இரண்டாவது சுற்றில் மூன்று நாளாக வயிற்றால் போயிருக்கிறது. பாத்ரூமில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் "கடுமையாக இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு எது கடுமை? அந்த வார்த்தைமேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் அம்மாவின் போனிலேயே ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் 7 மணிக்கு அது கேட்கும்: இன்று எத்தனை தடவை வெளிக்குப் போனீர்கள்? ராத்திரி எழுந்து போனீர்களா? காய்ச்சல் 100.4க்கு மேலா? வாய்ப்புண்? உள்ளங்கை, பாதம் சிவந்து எரிகிறதா? தமிழில் இல்லை. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அதே வரிசையில் தமிழில் எழுதி அடுப்படியில் ஒட்டினேன். அதைப் பார்த்து அம்மா எண்ணை அமுக்குவாள். "எப்படி இருக்கு" என்றால் மறைப்பவள், "எத்தனை தடவை" என்றால் பொய் சொல்வதில்லை.

ஒருநாள் 6 என்றும், ராத்திரியும் எழுந்தேன் என்றும் அமுக்கியிருக்கிறாள். நான் ரயிலில் மான்கூர்ட் தாண்டும்போதே சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். இன்று ராத்திரி கேப்சிடபின் வேண்டாம், ஓஆர்எஸ் குடிக்கட்டும், காலையில் கூட்டி வாருங்கள். இந்தத் தடவை அட்மிட் ஆகவில்லை.

நியூயார்க்கில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு, பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் இதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் 26 மாதத்துக்கு மேல் உயிரோடிருந்தார்கள். தொந்தரவுகளைக் கணினி வழியே தாங்களே தெரிவித்து வந்தவர்களுக்கு அது 31.2 மாதம். அங்கேயும் மறுமுனையில் நர்ஸ்கள் இருந்தார்கள். இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வாய்ப்புண் என்று அமுக்கி, திங்கள் காலைவரை யாரும் கூப்பிடவில்லை. சண்டை போட்டேன். இப்போது ஞாயிறுக்கும் ஒரு நம்பர் தந்திருக்கிறார்கள்.

நேற்று அம்மா அந்தத் தாளில் இன்னொரு கேள்வி எழுதச் சொன்னாள்: சாப்பாடு ருசிக்கிறதா? அதற்கு ஆப்பில் இடமில்லை. அதனால் என்னிடம் சொல்கிறாள். ரசம் குடித்தால் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறதாம். தயிர்சாதம் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது, அதையும் குளிரக் குளிரக் கொடுக்க முடியாது, தொண்டையில் ஊசி குத்துகிறது என்கிறாள்.