கேள்வி கேட்காமல் ஜேஹிப்ஸ்டரை ஓட வைத்தது

மண்டபத்தில் மாமாவின் விசைப்படகுக் கணக்குக்காக எழுதிவரும் செயலியில் இந்த வாரம் நல்ல முன்னேற்றம். படகு, கடல் பயணம், மீன்பாடு, ஏலம், செலவு எல்லாம் ஒரே ஜேடிஎல் கோப்பில் (செயலியின் தரவு அமைப்பை விவரிக்கும் கோப்பு) இருக்கின்றன, நிரலை உருவாக்கும் கருவியான ஜேஹிப்ஸ்டர் அதைப் படித்து சர்வரில் ஓடும் ஜாவா பக்கத்தையும் திரையில் தெரியும் ஆங்குலர் பக்கத்தையும் உருவாக்கித் தருகிறது.

ஆனால் அந்தக் கோப்பு மாறிக்கொண்டே இருக்கும். "மாப்பிள, டீசல் இருக்கு, பேட்டா இருக்கு, ஐஸ் எத்தனை பார்னு போட இடமே இல்லையே" என்றார் மாமா. நியாயம்தான், ஐஸ் செலவைக் கழிக்காமல் பங்கு பிரிக்க முடியாது. ஒரு வரி சேர்த்து ஓடவிட்டால் கருவி கோப்புக்குக் கோப்பு நின்று, இது ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா என்று கேட்கிறது. ராத்திரி க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும்போது பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? காலையில் பார்த்தால் வேலை முடிந்திருக்காது.

விடாமல் 'y' என்றே பதில் தரும் 'யெஸ்' கட்டளையை இந்தக் கருவிக்குள் பைப் பண்ணிவிடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, என்ன கேட்கிறது என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும், பங்கு பிரிக்கும் கணக்கைக் கையால் எழுதிய கோப்பும் அதோடு போய்விடும்.

நான் செய்தது இதுதான். முதலில், செயலியின் பெயர், தரவுத்தளம், உள்நுழைவு முறை எல்லாவற்றையும் ஜேடிஎல்லின் அப்ளிகேஷன் பகுதிக்குள்ளேயே எழுதிவிட்டேன், அதனால் ஆரம்பக் கேள்விகளே வருவதில்லை. மேலெழுதும் கேள்விக்கு, எல்லாவற்றையும் கேட்காமல் மேலெழுதும் ஃபோர்ஸ் ஆப்ஷனைவிட '.யோ-ரிசால்வ்' கோப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் வரிக்கு ஒரு பாதை, பக்கத்தில் 'ஸ்கிப்' (தொடாதே) அல்லது 'ஃபோர்ஸ்' (மேலெழுது) என்று எழுதினால் போதும். என் பங்குக் கணக்கு இருக்கும் ஃபோல்டருக்கு ஸ்கிப், ஜேடிஎல் மாதிரியிலிருந்து பிறக்கும் ஃபோல்டர்களுக்கு ஃபோர்ஸ். நம்ம ஊர் நெட்டுக்கு, ஒவ்வொரு தடவையும் பேக்கேஜ்களை இறக்காமல் விடும் 'ஸ்கிப்-இன்ஸ்டால்' ஆப்ஷனும் கட்டாயம் வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் 7-இலிருந்து, அதோடு வரும், பேக்கேஜை இறக்கி உடனே ஓட்டும் என்பிஎக்ஸும் தன் பங்குக்கு, இந்தப் பேக்கேஜை நிறுவவா என்று கேட்கும், அதற்கு 'யெஸ்' ஆப்ஷன் தனியாக இருக்கிறது. அதோடு பதிப்பு எண்ணையும் கட்டளையிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் புதுப் பதிப்பு இறங்கி, உருவாகும் கோப்புகள் எல்லாமே மாறி நிற்கும்.

இதில் ரொம்பப் பேர் கவனிக்காத இடம் லிக்விபேஸ், தரவுத்தள அமைப்பில் செய்யும் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் கருவி. ஏற்கெனவே ஓடிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது தரவுத்தளத்தில் ஒரு செக்சம் (உள்ளடக்கம் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது. கருவி பழைய மாற்றக் கோப்பையே திருத்தி எழுதினால் செக்சம் பொருந்தாது, செயலி கிளம்பவே கிளம்பாது, கேள்விகளை நிறுத்திவிட்டதால் முன்கூட்டி எச்சரிக்கவும் யாரும் இல்லை. 'இன்கிரிமென்டல்-சேஞ்ச்லாக்' ஆப்ஷனைச் சேர்த்தால் ஐஸ் பார் மாதிரியான புதுப் புலத்துக்குத் தனியாக ஒரு கோப்பு எழுதுகிறது, பழையதைத் தொடுவதில்லை. ஏற்கெனவே உள்ள ஏலக் கணக்கு அப்படியே நிற்கிறது, அதுதான் முக்கியம்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது கேள்வி எட்டிப் பார்த்தால்? முழுக் கட்டளையையும், குறித்த நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடும் 'டைம்அவுட்' வழியாக ஓட்டுகிறேன், நேரம் தாண்டினால் 124 என்ற எண்ணோடு வெளியேறும், ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று எனக்குச் செய்தி அனுப்பும். ஓடுவதற்கு முன் ஒரு கிட் கமிட் (அப்போதைய நிலையைச் சேமிப்பது), காலையில் டிஃப் (என்ன மாறியது என்ற பட்டியல்), அதைப் படிக்காமல் எதையும் படகுக்காரர்கள் பார்க்கும் சர்வருக்கு ஏற்றுவதில்லை.

அடுத்து, நண்டுக்கும் கணவாய்க்கும் ஏலத்தைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். அது மாதிரியையே உடைத்துக் கட்டும் வேலை, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையேறியதும் எடுத்துக்கொள்கிறேன்.