அம்மாவின் முழங்காலும் 29சி பஸ்ஸும்

சென்னைக்கு நான் ஐம்பது தடவையாவது வந்திருப்பேன். இன்டர்வியூவுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரியில் மாமாவைப் பார்க்க. ஊர் சுற்றிப் பார்க்க என்று ஒரு தடவைகூட வந்ததில்லை. அம்மா வந்ததே இரண்டு தடவை. இரண்டும் கல்யாணம். மண்டபத்தையும் வேன் ஜன்னலையும் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. "மெட்ராஸுக்குப் போயிக் கடலப் பாக்காம வந்தவ நா ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்று தீபாவளிக்குச் சொன்னவள், பொங்கலுக்கும் அதையே சொன்னாள். மாசியில் நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு பெர்த் போட்டேன்.

கார் எடுப்பதில்லை என்று முடிவு செய்தது நான்தான். கொஞ்சம் சிக்கனம், கொஞ்சம் பிடிவாதம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் எந்த ஊரும் ஒரே ஊர்தான். ஆனால் அந்த முடிவுக்கு விலை கொடுத்தது அம்மாவின் முழங்கால். "படி ஏறுறதைக் குறைச்சுக்கோங்க" என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அதனால் நான் போனில் மேப் பார்த்துக்கொண்டு நடந்தேன், அவள் படியை எண்ணிக்கொண்டு வந்தாள்.

விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கினோம். சித்தி வீடு குரோம்பேட்டை. லோக்கல் ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன், டிக்கெட் ஐந்து ரூபாய். "தண்ணி பாட்டிலு இருவது ரூவா, ரயிலு அஞ்சு ரூவாயா?" என்று அம்மா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினோம். சித்தியிடம் வழி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எனக்குத் தெரியாத சென்னையா? அம்மாவுக்குக் கடல் பார்க்க வேண்டும், லோக்கல் ரயில் போய்ச் சேரும் இடத்தின் பெயரே சென்னைக் கடற்கரை. இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஜன்னலோரம் கிடைத்தால் நன்றாகவே இருக்கும். திரிசூலத்தில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் விமான நிலையம். சக்கரத்தை இறக்கிக்கொண்டு வந்த விமானத்தைப் பார்த்து அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம். மாம்பலத்தில் ஏறிய கூட்டத்தில் ஒரு பெண் அம்மாவின் மடியிலேயே தன் பையை வைத்துவிட்டு நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் ஏதோ சொந்தக்காரப் பிள்ளையின் பை மாதிரி எழும்பூர் வரை பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் ராஜாஜி சாலை. எதிரே துறைமுக மதில். லாரி, லாரிக்குப் பின்னால் லாரி. அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "பீச்சா? இது பீச் ஸ்டேஷன் சார்" என்றார். அவருக்கு இது தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது. "வேளச்சேரி வண்டில ஏறிப் போய் எறங்கிக்கோ."

அந்தப் பெயர் பொய்யுமில்லை. ஒரு காலத்தில் அந்தச் சாலைக்கே ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றுதான் பெயர். துறைமுகம் கட்டினார்கள், கடல் தள்ளிப் போய்விட்டது. பெயர் மட்டும் ஸ்டேஷன் பலகையில் தங்கிவிட்டது. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். "சரிய்யா, இப்ப கடலு எங்க?" என்றாள்.

வேளச்சேரி வண்டிதான் பறக்கும் ரயில். 1995-இல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-இல் மயிலாப்பூர், வேளச்சேரியைத் தொட 2007 ஆகிவிட்டது. பார்க் டவுனைத் தாண்டினால் மேலே ஏறி, பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரமாகவே மொட்டை மாடிகளுக்கு இணையாகப் போகிறது. கொடியில் காயும் சேலைகள், தண்ணீர்த் தொட்டிகள், சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் முதுகு என்று எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ரயிலைத்தான். ஆனால் வண்டி மேலே ஓடினால் ஸ்டேஷனும் மேலேதான் இருக்கும். இரண்டு கல்யாண மண்டபத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற கட்டடங்கள், உள்ளே மண்டபம் நிறைய வெறும் காற்று.

நாங்கள் இறங்கிய ஸ்டேஷனின் பெயரைச் சொல்லவில்லை. எஸ்கலேட்டர் நின்றுபோயிருந்தது. நின்றுபோன எஸ்கலேட்டரும் படிதானே என்று நினைக்கிறவர்கள் முழங்கால் வலி இல்லாதவர்கள். அதன் படி சாதாரணப் படியைவிட உயரம், விளிம்பில் பல் பல்லாக இரும்பு. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் வலது கால் முதலில், இடது கால் அதன் பக்கத்தில். கீழே வந்ததும், "அம்பத்தெட்டு" என்றாள். அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை, கணக்கு மட்டும்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்த்தாள். அலையில் கால் நனைத்தாள். மாங்காய் போட்ட சுண்டலில் காரம் போதாது என்றாள். கலங்கரை விளக்கம் மூன்று முனையோடு நிற்கிறது, 1977-இல் வந்தது. "மேல போவமா?" என்றேன். என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

அங்கிருந்து மயிலாப்பூர் கபாலி கோயிலுக்கு ஆட்டோ. முதலில் ஆப்பில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. "எங்க டிராப்? எவ்ளோ காட்டுது? கேஷா, ஜிபேவா?" மூன்றுக்கும் பதில் சொன்னேன். கட் பண்ணிவிட்டார், சவாரியையும் சேர்த்து. அடுத்தவரும் அப்படியே. கடைசியில் ஓரமாக நின்றிருந்த ஆட்டோவிடமே போனோம்.

"நூத்தம்பது குடுண்ணா."

"ஒண்ணரை கிலோமீட்டர்தாண்ணே. மீட்டர் போடுங்க."

"மீட்டரா?" என்று சிரித்தார். "அது 2013 ரேட்டுண்ணா. அப்ப கேஸ் என்ன வெல, இப்ப என்ன வெல?"

அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 என்று அரசாங்கம் வைத்தது 2013-இல்தான். அந்த விலைக்கு இன்று யார் ஓட்டுவார்கள்? அதற்காக நூற்றைம்பதா என்பது வேறு கேள்வி. அம்மா முன்னால் வந்தாள். "தம்பி, எங்கூர்ல இந்தக் காசுக்கு வீட்டு வாசல்ல எறக்கி விட்டு, பையையும் உள்ள கொண்டாந்து வைப்பாவ." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ எந்த ஊரும்மா?" என்று ஆரம்பித்து எண்பதில் முடிந்தது. மெட்ரோவுக்காகத் தோண்டியிருப்பதால் சுற்றிக்கொண்டு போனார். கோயில் வாசலில் இறங்கினால் நடை சாத்தி அரை மணி நேரமாகியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான். இதுவும் சித்தியிடம் கேட்டிருக்க வேண்டிய விஷயம்.

மறுநாள் சித்தி பேச்சைக் கேட்டோம். "பரங்கிமலைல மாறிக்கோங்க. அங்க லிஃப்ட் இருக்கு." லோக்கலிலிருந்து மெட்ரோவுக்கு அங்கே மாறுவது, வீட்டுத் திண்ணையிலிருந்து உள்ளே போகிற மாதிரி. 2015-இல் ஆலந்தூர், கோயம்பேடு இடையே முதலில் ஓடியபோது இதில் யார் ஏறப் போகிறார்கள் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குறைந்தது பத்து ரூபாய், அதிகம் போனால் ஐம்பது. ஏசி, சுத்தம், அறிவிப்பு எல்லாம் சரி. அம்மாவுக்கு என்னவோ கோயம்பேட்டைத் தாண்டியதும் ஜன்னலில் இருட்டு மட்டும் தெரிவது பிடிக்கவில்லை. "குளுகுளுன்னு இருக்கு. ஆனா ஊரக் காணோமே."

எழும்பூர் மியூசியம் பார்த்துவிட்டு சென்ட்ரலுக்குப் போனோம். வெளியூர்க்காரர்கள் குழம்புவதற்கென்றே கட்டிய இடம் அது. சென்ட்ரல் என்று ஒன்று. பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகம், ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற லோக்கல் அங்கே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்க், தாம்பரம் லோக்கல் அங்கே. பார்க்குக்குப் பக்கத்தில் பார்க் டவுன், பறக்கும் ரயில் அங்கே. எல்லாவற்றுக்கும் அடியில் மெட்ரோ. கூப்பிடு தூரத்துக்குள் இத்தனை ஸ்டேஷன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இறங்கி, நடந்து, ஏறி, மறுபடி இறங்க வேண்டும். சென்னையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவில் இருக்கிற அந்த முந்நூறு அடியில்தான் வயதானவர்கள் தோற்றுப்போகிறார்கள். இப்போது ஒரே கார்டில் மெட்ரோவும் பஸ்ஸும் போகலாம், சென்னை ஒன் ஆப்பில் ஒரே டிக்கெட்டாகவும் எடுக்கலாம். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, படி இன்னும் தனித்தனிதான்.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, 1950 வாக்கில் இங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். டிராமில் போவாராம். 1895-இல் வந்து 1953-இல் நின்றுபோன டிராம். "ரோட்டுலயே ஏறி ரோட்டுலயே எறங்குவாராம்" என்று சுரங்கப்பாதையின் நடுவில் நின்று மூச்சு வாங்கியபடி அம்மா சொன்னாள். அதுவரை அவள் அதைச் சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் 29சி. கபாலியைக் காலையிலேயே பார்த்துவிட்டுப் பெசன்ட் நகர் போகலாம் என்று திட்டம். நான் பார்த்து வைத்திருந்த இடத்தில் நிறுத்தம் இல்லை, நீலத் தகரத் தடுப்பு இருந்தது. பூக்கார அம்மாவிடம் கேட்டோம். "அந்தாண்ட போய் நில்லு கண்ணு." அம்மா என் காதில், "அந்தாண்டன்னா எந்தாண்ட?" என்றாள்.

பஸ் வந்தது. முகத்தில் பிங்க் பெயிண்ட் அடித்த சாதாரணக் கட்டண பஸ். 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம். இதெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் அம்மா தைரியமாக ஏறி, பெண்கள் உட்காருவது முன்னால்தானே என்று முன்னால் போனாள். இங்கே இடது பக்கம் முழுக்கப் பெண்களுக்கு. இடம் கிடைத்தது. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். கண்டக்டர் வருவார் என்று காத்திருந்தாள். சென்னைக் கண்டக்டர் வரமாட்டார். பின் படிக்கட்டுப் பக்கம் தன் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார், காசுதான் அவரிடம் போகும். நான் ஐம்பது ரூபாய் நோட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். "ஒரு பெசன்ட் நகர், ஒரு லேடீஸ்." நோட்டு ஒரு காலேஜ் பையன் கை, வெற்றிலைக் கறை படிந்த ஒரு கை, மோதிரக் கை என்று போய், டிக்கெட் இரண்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் மடங்கித் திரும்பி வந்தன. எண்ணினேன். சரியாக இருந்தது.

அம்மாவுக்கு ஆகவில்லை. "யாருன்னே தெரியாதவன் கையில அம்பது ரூவாயக் குடுத்துவிடுத!"

அடையாறு வருவதற்குள் அவளே அந்த வரிசையில் ஒரு கண்ணியாகிவிட்டாள். முன்னாலிருந்து ஒருவர் நீட்டிய பத்து ரூபாயை வாங்கி, பின்னால் தந்து, "ஒரு திருவான்மியூராம், குடுங்கய்யா" என்றாள். "இது அங்க போவாதும்மா!" என்று கண்டக்டர் குரல் வந்தது. "போவாதாம்" என்று அம்மா அந்த ஆளிடம் காசைத் திருப்பிக் கொடுத்தாள், மிகுந்த பொறுப்போடு.

அடையாறு நிறுத்தத்தில் ஒரு தாழ்தளப் பேருந்து நின்றது. ஆள் ஏறுவதற்காக இடது பக்கமாக மெல்லச் சாய்ந்து கீழே இறங்கியது. அம்மா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்தாள். "பஸ்ஸு முட்டி போடுதுல!" என்றாள். மூன்று நாளில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அப்போதுதான். கடலுக்குக்கூட இல்லை.

ராத்திரி சித்தி தைலம் தேய்த்துவிட்டாள். அம்மா காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த 29சி எங்கருந்து வருது?"

"பெரம்பூர்க்கா."

"பெரம்பூர்ல என்ன இருக்கு?"

"ரயில் பெட்டி செய்யிற ஃபேக்டரி இருக்கு. பழைய ரயிலெல்லாம் வச்சு ஒரு மியூசியம்கூட இருக்கு."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"படி எத்தன இருக்கும்?"