தீசிஸில் வரும் அரிய கணிதக் குறிகள்: தேடுவதும் தட்டுவதும்

கட்டளைகளைத் தட்டி ஆவணத்தை அச்சுக்கோக்கும் லேடெக்கில் தீசிஸ் எழுதத் தொடங்கிய ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தேற்றத்தைப் பற்றியோ நிரூபணத்தைப் பற்றியோ அல்ல. "அக்கா, இந்தக் குறி எப்படி வரும்?" என்பதுதான். ஆல்பா, பீட்டா, கூட்டல் சிக்மா, தொகையீடு எல்லாம் பெயரைத் தட்டினால் வந்துவிடும், அதை யாரும் கேட்பதில்லை. கைடு போர்டில் சாவகாசமாக எழுதிவிட்டுப் போகிற, நம் கைக்கு மட்டும் அகப்படாத குறிகள் சில இருக்கின்றன. தொல்லை அவற்றால்தான். எலிப்டிக் கர்வ்களில் பிஎச்.டி. முடித்தவள் என்பதால் அந்த வகைக் குறிகளோடு நான் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். கட்டளைப் பெயர்களைக் கீழே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது முன்னால் பின்சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தேடுவதிலிருந்து தொடங்கலாம். குறியின் வடிவம் தெரியும், பெயர் தெரியாது என்றால் டெடெக்ஸிஃபை தளத்துக்குப் போங்கள். ஒரு கட்டம் இருக்கும், அதில் மவுஸால் வரைய வேண்டும். ஒத்துவரும் குறிகளை வரிசையாகக் காட்டும். கட்டளை என்ன, எந்தப் பேக்கேஜ் (கூடுதல் கட்டளைகளின் தொகுப்பு) வேண்டும், கணித நிலையில் போட வேண்டுமா என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கோணல்மாணலாக வரைந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். அங்கே சிக்காவிட்டால் ஸ்காட் பேக்கின் தொகுத்த பெரிய குறிப்பட்டியல் இருக்கிறது. கணினியில் டெக் லைவ் என்ற லேடெக் மென்பொருள் தொகுப்பை முழுமையாக நிறுவியிருந்தால் டெர்மினலில் 'டெக்ஸ்டாக்' என்று தட்டி, இடம் விட்டு 'காம்ப்ரிஹென்சிவ்' என்று எழுதினால் அது திறக்கும். பல ஆயிரம் குறிகள் இருப்பதால் முதலிலிருந்து படிக்கக் கூடாது. பின்னால் உள்ள அகரவரிசையில் தேடுங்கள்.

எனக்கு இந்த இரண்டையும் விட அதிகம் பயன்பட்டது வேறொரு வழி. ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் உள்ள பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பிடிஎஃப் மட்டுமல்ல, டெக் மூலக் கோப்பும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். உங்கள் துறையில் அந்தக் குறியை அழகாகப் போட்டிருக்கும் ஒரு கட்டுரையை எடுத்து, மூலத்தைப் பிரித்து, அவர் பிரீயாம்பிளில், அதாவது கோப்பின் தொடக்க அமைப்புப் பகுதியில், என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அந்தத் துறைக்காரர்கள் நடைமுறையில் எப்படிச் செய்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். எந்தப் பட்டியலிலும் அது இருக்காது.

குறி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லேடெக்கின் அடியில் இயங்கும் டெக்குக்கு ஒரு குறியின் வடிவத்தைப் போலவே, அது வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். சாதாரண எழுத்தா, கூட்டல் மாதிரி இரண்டை இணைக்கும் செயலியா, சமக்குறி மாதிரி உறவா, திறக்கும் அடைப்பா, மூடும் அடைப்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. இடைவெளி அதை வைத்துத்தான் விழும். செயலிக்கு இரு பக்கமும் 4 மியூ, உறவுக்கு 5 மியூ. 18 மியூ சேர்ந்தால் ஒரு எம், அதாவது ஏறக்குறைய எழுத்தின் அளவு.

கீபோர்டில் உள்ள செங்குத்துக் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 என்பது 12-ஐ வகுக்கும் என்பதை அந்தக் கோட்டைப் போட்டு எழுதினால் 3, கோடு, 12 மூன்றும் ஒட்டிக்கொண்டு 3112 மாதிரி தெரியும். காரணம், அந்தக் கோடு டெக்குக்குச் சாதாரண எழுத்து. 'மிட்' என்று எழுதினால் அதே கோடுதான், ஆனால் உறவு வகை என்பதால் இரு பக்கமும் காற்று வரும். வகுக்காது என்பதற்கு 'நாட்', 'மிட்' இரண்டையும் சேர்த்துப் போட்டால் குறுக்குக்கோடு இடம் தவறி விழும். அதற்கென்றே ஏஎம்எஸ்சிம்ப் பேக்கேஜில் 'என்மிட்' இருக்கிறது. இனி அதே கோட்டை இரு பக்கமும் போட்டு மைனஸ் 3-இன் மட்டு மதிப்பை எழுதிப் பாருங்கள். மைனஸுக்கும் 3-க்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். எழுத்து, மைனஸ், எண் என்று வரிசையாக வருவதால் டெக் அதைக் கழித்தல் என்று எடுத்துக்கொள்கிறது. ஏஎம்எஸ்மேத் பேக்கேஜில் உள்ள 'எல்வெர்ட்', 'ஆர்வெர்ட்' இரண்டும் முறையே திறப்பு, மூடல் வகை. அவற்றைப் போட்டால் மைனஸ் 3-ஓடு ஒட்டிக்கொள்ளும். வைவாவில் இதை யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் நூறு பக்கம் படிக்கிற கண்ணுக்கு உறுத்தும்.

அடுத்து, என் தீசிஸின் நாயகி: எலிப்டிக் கர்வ்களின் ஆய்வில் வரும் டேட்-ஷாஃபரெவிச் குலத்தின் குறி. மூன்று நேர்கோடுகள் நின்று அடியில் ஒரு கோட்டால் சேர்ந்திருக்கும் ரஷ்ய எழுத்து 'ஷா'. ஷாஃபரெவிச்சின் பெயருக்காகக் காசெல்ஸ் கொண்டுவந்தது. இதற்காக ரஷ்ய மொழி ஆதரவு முழுவதையும் ஏற்றத் தேவையில்லை. டபிள்யூஎன்சிஒய்ஆர் என்ற ஃபாண்ட் டெக்கோடு வருகிறது. பிரீயாம்பிளில் நான்கு வரி போதும். முதல் இரண்டில் 'டிக்ளேர் ஃபாண்ட் ஃபேமிலி', 'டிக்ளேர் ஃபாண்ட் ஷேப்' கட்டளைகளால் அந்த ஃபாண்டை அறிமுகப்படுத்துகிறோம். மூன்றாவதான 'டிக்ளேர் சிம்பல் ஃபாண்ட்' அதைக் கணிதக் குறிகளுக்கான ஃபாண்டாகப் பதிவு செய்கிறது. நான்காவதான 'டிக்ளேர் மேத் சிம்பல்' குறிக்குப் பெயர் வைத்து, 'மேத்ஆர்ட்' அதாவது சாதாரண எழுத்து வகை என்று சொல்லி, பதினாறடிமான எண் 58-இல் உள்ள எழுத்தை எடு என்கிறது. சாதாரண ஃபாண்டுகளில் ஆங்கில எக்ஸ் உட்காரும் இடம் அது.

எழுத்தை 'எம்பாக்ஸ்' என்ற உரைப்பெட்டிக்குள் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வரியில் சரியாகத்தான் இருக்கும். சப்ஸ்கிரிப்டில் போனால்தான் வேஷம் கலையும்: மற்ற எழுத்தெல்லாம் சின்னதாகும்போது இது மட்டும் முழு உருவத்தில் நிற்கும். முறையாகப் பதிவு செய்த குறி தானாகச் சுருங்கும். அத்தியாயத் தலைப்பில் இந்தக் குறி வந்தால் பிடிஎஃப்பில் இணைப்புகள் போடும் ஹைப்பர்ரெஃப் பேக்கேஜ் எச்சரிக்கை கொடுக்கும். பிடிஎஃப்பின் பக்கவாட்டுப் பட்டியலில் கணிதக் கட்டளையை அதனால் வைக்க முடியாது. 'டெக்ஆர்பிடிஎஃப்ஸ்ட்ரிங்' கட்டளையில் முதலில் குறியையும் அடுத்து எளிய சொல்லையும் கொடுத்தால் தீர்ந்தது.

இப்படி ஒற்றைக் குறியை மட்டும் எடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு குறிக்காகப் பேக்கேஜை ஏற்றினால் மற்றவையும் சேர்ந்து மாறலாம். மேத்ஏபிஎக்ஸ் ஏற்றினால் அம்புக்குறிகள் முதற்கொண்டு உருவம் மாறிவிடும். இயற்பியல்காரர்கள் மூடிய பரப்புத் தொகையீட்டுக்காக ஈஎஸ்இன்ட் ஏற்றுவார்கள், வட்டத்தோடு கூடிய இரட்டைத் தொகையீடு வரும். கூடவே சாதாரணத் தொகையீட்டின் வடிவமும் வேறாகிவிடும். அதோடு, வழக்கமாகக் கம்பைல் செய்யும் பிடிஎஃப்லேடெக்கில் கணித ஃபாண்டுக் குடும்பங்களுக்கு 16 இடம்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஆளுக்கொரு பேக்கேஜ் இடம் பிடித்துக்கொண்டே போனால், ஒருநாள் 'டூ மெனி மேத் ஆல்ஃபபெட்ஸ்' என்று பிழை வரும். ஸீடெக், லுவாடெக் என்ற மாற்று நிரல்கள் இரண்டிலும் 256 இடம் உண்டு. யூனிகோட்-மேத் பேக்கேஜோடு ஸ்டிக்ஸ் போன்ற ஃபாண்டைப் போட்டால் பாதித் தேடல் தேவையே இல்லை. ஆனால் பல ஆய்விதழ்களின் டெம்ப்ளேட்கள் பிடிஎஃப்லேடெக்கை நம்பியே எழுதப்பட்டவை. தீசிஸிலிருந்து பேப்பர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சில குறிகளை நாமே கட்ட வேண்டிவரும். புள்ளியியலில் சார்பின்மைக்கு டேவிட் 1979-இல் பயன்படுத்திய இரட்டைச் செங்குத்துக் குறி அப்படிப்பட்டது. இரண்டு 'பெர்ப்' (செங்குத்துக் குறி) போட்டு நடுவே பின்சாய்கோடு-ஆச்சரியக்குறியை மூன்று முறை தட்டினால் இரண்டும் நெருங்கிவிடும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மொத்தத்தையும் 'மேத்ரெல்' அடைப்புக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் டெக் அதை இரண்டு தனி உறவாகவே பார்க்கும், வரி முடிகிற இடத்தில் ஒரு கால் இந்த வரியிலும் மறு கால் அடுத்த வரியிலும் நிற்க வாய்ப்பிருக்கிறது. வரையறைக்கு எழுதும் := குறியையும் கீபோர்டில் அப்படியே தட்டாதீர்கள். முக்காற்புள்ளி சமக்குறியின் நடுவுக்குச் சற்றுக் கீழே உட்காரும். மேத்டூல்ஸ் பேக்கேஜில் 'கோலன்ஈக்யூக்யூ' இருக்கிறது.

எந்தக் குறியானாலும் நேரடியாகப் பக்கங்களில் இறைக்காமல், பொருளை வைத்துப் பெயர் கொடுத்துப் பிரீயாம்பிளில் ஒரே இடத்தில் 'நியூகமாண்ட்' எழுதிவிடுங்கள். என் கைடு கடைசி வாசிப்பில், செல்மர் குலத்தைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம், நேரெழுத்தில் போடு என்றார். ஒரு வரியை மாற்றினேன், தீசிஸ் முழுக்க மாறியது. அதே குறியை வெறுமனே தட்டி வைத்திருந்த பக்கத்து மேசைத் தோழி அன்று ராத்திரி முழுக்க ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்துகொண்டிருந்தாள்.

தேடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: இந்தக் குறி வேண்டவே வேண்டுமா? துறையில் ஊன்றிப்போன குறி என்றால் எவ்வளவு பாடுபட்டாலும் தகும். இரண்டே இடத்தில் வரும் ஒரு கணத்துக்கு அலங்காரமாக எதையாவது போடுவது படிப்பவருக்குச் சுமைதான். சொல்லாலேயே எழுதிவிடலாம்.

கடைசியாக, சமர்ப்பிப்பதற்கு முன் டெர்மினலில் 'பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்' என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்த ஃபாண்ட் உள்ளே இருக்கிறது, என்ன வகை என்று காட்டும். அதில் டைப் 3 என்று ஏதாவது வந்தால் பெரும்பாலும் அது புள்ளிகளாலான ஃபாண்ட், பெரிதாக்கினால் மங்கும். சில ஆய்விதழ்களின் சோதனை அதைத் திருப்பி அனுப்பியும்விடும். நிகழ்தகவுக்காரர்களிடம் இது அடிக்கடி வரும். சுட்டுச் சார்புக்கான இரட்டைக் கோட்டு 1 ஏஎம்எஸ் ஃபாண்டில் இல்லாததால் பிபிஎம் பேக்கேஜை எடுத்திருப்பார்கள். டிஎஸ்ஃபாண்ட் பேக்கேஜுக்கு மாறி 'மேத்டிஎஸ்' கட்டளையில் 1-ஐப் போட்டு, மறுபடி கம்பைல் செய்து, பட்டியலை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.