முகில் அறை: தோரியக் கம்பியின் ஆல்பா, பீட்டா தடங்கள்

கதிரியக்கத் துகள்கள் போன வழியை ஆல்கஹால் ஆவியில் மெல்லிய துளிக்கோடுகளாகக் காட்டும் பெட்டிதான் முகில் அறை. ட்ரை ஐஸில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) இயங்கும் என் முகில் அறை இப்போது தடுமாறாமல் ஓடுகிறது. 30×20×20 செ.மீ. கண்ணாடி மீன்தொட்டியைக் கவிழ்த்து, 3 மி.மீ. அலுமினியத் தகட்டின்மேல் வைத்திருக்கிறது. தகட்டின் மேற்பக்கம் மங்கலான கறுப்பு பெயின்ட். அடியில் தெர்மாகோல் தட்டில் 2 கிலோ ட்ரை ஐஸ். தொட்டியின் உட்கூரையில் ஃபெல்ட் துணி, அதில் 40 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். துணியைப் பசையால் ஒட்டினால் ஆல்கஹாலில் இளகி விழுந்துவிடும். சிறு காந்தங்களே நிற்கின்றன.

ஆல்கஹால் 99% இருக்க வேண்டும். 70% போட்டால் நீராவி தகட்டில் உறைபனியாகப் படிந்து எல்லாவற்றையும் மறைக்கும். ட்ரை ஐஸை நொறுக்கிச் சமமாகப் பரப்பாவிட்டால் தகடு திட்டுத்திட்டாகவே குளிரும். உள்ளே ஆவிமூட்டம் சுழன்றுகொண்டே இருந்தால் விளிம்பில் காற்று கசிகிறது என்று பொருள். களிமண் வைத்து அடைக்கவும். 10–15 நிமிடத்தில் தகட்டுக்கு மேல் 1 செ.மீ. உயரத்துக்கு மெல்லிய தூறல் இறங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டித் தாழ்வாகப் பிடித்தால்தான் தடம் தெரியும். தீச்சுடர் அருகே கூடாது, சன்னல் திறந்திருக்கட்டும், கையுறை கட்டாயம்.

கதிர்வீச்சு மூலம்: டிக் (TIG) வெல்டிங்குக்கான சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி. அதில் 2% தோரியம் ஆக்சைடு; தோரியம் கதிரியக்கத் தனிமம். கம்பியைத் தீட்டவோ அறுக்கவோ கூடாது, தூள் மூச்சில் போகும்.

கம்பியைச் சுற்றித் தடித்த, நேரான, குட்டைத் தடங்கள் வெடிக்கின்றன: ஆல்பா, அதாவது ஹீலியம் அணுக்கருக்கள். நீளம் ஒன்றுபோல் இல்லை. உலோகத்துக்குள் ஆழத்தில் பிறந்தவை வெளிவருவதற்குள் ஆற்றலை இழந்துவிடுகின்றன. நூலிழைபோல் மெலிந்து வளைந்து நெளிபவை பீட்டா. அணுக்களில் மோதி மோதித் திசைமாறும் எலக்ட்ரான்கள். காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லாததால் தனித்தடம் கிடையாது. அது தட்டிவிடும் எலக்ட்ரானின் தடத்தைத்தான் பார்க்கிறோம்.

ஆல்பாவை ஒரு தாள் தடுக்கும் என்பது பாடநூல் வாக்கு. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் என்றால் சதுர செ.மீ.க்கு 8 மி.கி.தான். ஆனால் தோரியம் படிப்படியாகச் சிதையும் தொடரில் வரும் பொலோனியம்-212-இன் ஆல்பாவுக்கு 8.78 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். கம்பியைத் தாளால் சுற்றினால், அது ஒற்றைத் தாளுக்கு வெளியே குட்டையாகத் தலைநீட்ட வாய்ப்புண்டு. இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆல்பா அடங்கி, பீட்டா மட்டும் தொடரும். இந்த ஒப்பீட்டைத் தவறாமல் செய்து பாருங்கள்.

எல்லாவற்றிலும் அழகு 'V' தடம். எரிக்காத தோரிய கேஸ் மேன்டிலை (கேஸ் விளக்கில் ஒளிரும் வலைப்பை) அமுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் மூடிவைத்து, சில நிமிடம் கழித்து உள்ளிருக்கும் காற்றைத் துளைவழியே தொட்டிக்குள் செலுத்த வேண்டும். (இட்ரியம் மேன்டிலில் ஒன்றும் வராது.) காற்றோடு வருவது தோரியத் தொடரின் வாயுவான ரேடான்-220, அரைவாழ்வு (பாதி அணுக்கள் சிதையும் நேரம்) 55.6 வினாடி. அது ஆல்பா உமிழ்ந்து பொலோனியம்-216 ஆகிறது. அதன் அரைவாழ்வோ 0.15 வினாடிக்குள். நகர நேரமில்லாமல் அதே இடத்திலிருந்து இரண்டாம் ஆல்பா கிளம்ப, இரு தடமும் ஒரே புள்ளியில் சேர்கின்றன.

ஐந்தாறு நிமிடத்தில் இந்தக் காட்சி ஓய்ந்துவிடும்; பாட்டிலை மறுபடி அமுக்கலாம். ஆனால் பொலோனியம்-216 சிதைந்து உண்டாகும் ஈயம்-212 சுவரில் படியும், அரைவாழ்வு 10.6 மணி. ஆகவே மூலம் இல்லாத வெற்று அறையின் தடங்களை எண்ணுவதாக இருந்தால், அதை மேன்டில் சோதனைக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.