ஒரு அட்டை, இரண்டு மருந்து

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எழுதிய சீட்டு எங்கள் மருந்தகத்துக்கு வந்தால், கொண்டு வருவது பெரும்பாலும் புருஷன், இல்லையென்றால் மாமியார். இரும்புச் சத்து, கால்சியம் என்றால் பேசாமல் வாங்கிப் போவார்கள். பதற்றத்துக்கான மாத்திரை என்றால் மட்டும் குரல் இறங்கும். "இதைப் போட்டா பால் குடுக்கலாமா? இல்ல, மாத்திரைய நிறுத்திடவா?"

"பால் கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது எங்களுக்குச் சுலபம். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லும். கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது அது. நான் அதை விட்டுவிட்டு, தாய்ப்பாலும் மருந்தும் பற்றிய லாக்ட்மெட் என்ற இணையத் தொகுப்பைப் பார்ப்பேன். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் இருக்கிறது, இலவசம். எந்த மருந்து பாலில் எவ்வளவு இறங்குகிறது என்று தனித்தனியாக இருக்கும். உடல் எடையோடு ஒப்பிட்டு, தாய்க்குப் போவதில் 10 சதவீதத்துக்குக் கீழே குழந்தைக்குப் போனால் பொதுவாகப் பரவாயில்லை என்பது நடைமுறைக் கணக்கு. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் எழுதும் செர்ட்ராலின் சுமார் 2 சதவீதத்துக்குள் நின்றுவிடும். அதே வகை எஸ்சிட்டலோபிராம் 5 சதவீதத்தை ஒட்டி வரும்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் டயஸெபாம் உடம்பை விட்டுப் போக நாள் கணக்காகும், அது உடைந்து உருவாகும் பொருளும் வேலை செய்யும். பச்சைக் குழந்தையின் ஈரல் இன்னும் பழகாததால், தினமும் போட்டால் குழந்தையிடம் சேர்ந்துகொண்டே போகும். அதே குடும்பத்து லோரஸெபாம் அப்படியில்லை, சீக்கிரம் வெளியேறும். குறைமாதக் குழந்தை என்றால் எல்லாக் கணக்கையும் மறுபடி போடவேண்டும்.

நம் ஊரில் எனக்குப் பெரிய தலைவலி கூட்டு மாத்திரைதான். எஸ்சிட்டலோபிராமும் குளோனஸெபாமும் ஒரே மாத்திரையில் சர்வசாதாரணமாக எழுதப்படுகின்றன. வாங்குபவருக்கு அது ஒரு மருந்து. உள்ளே இருக்கும் குளோனஸெபாம் தூக்கம் தருவது, மெதுவாக வெளியேறுவது. ஒருமுறை அந்த அட்டையை வாங்க வந்த அம்மாவிடம், "கைக்குழந்தை இருக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன். "அவரு கேக்கலையேம்மா" என்றார். போன் போட்டேன். டாக்டர் ஒன்றும் கோபப்படவில்லை, குழந்தையின் வயதைக் கேட்டுவிட்டு செர்ட்ராலின் மட்டும் போதும் என்று மாற்றினார். இரண்டு நிமிட வேலை.

ஏற்கெனவே கொஞ்ச நாளாகச் சாப்பிடுபவர் என்றால் கதை வேறு. பயந்துபோய் அவர்களே சட்டென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். டாக்டர் சொல்லி, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். குழந்தை எழுப்பியும் எழாமல் தூங்குகிறதா, பால் இழுத்துக் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்வேன். தூக்கம் தரும் மாத்திரை போட்ட ராத்திரி குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. இதைச் சொன்னால் மாமியார்களுக்குப் பிடிப்பதில்லை. தொட்டில் கட்டுங்கள் என்றால் சரி என்கிறார்கள்.

அப்புறம் பதிவேடு. அல்பிரசோலம், டயஸெபாம் எல்லாம் எச்1 பட்டியல், அதாவது விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியல். 2014 முதல் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். "மருமக பேர எழுதணுமா?" என்று தயங்கி, சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. சின்ன ஊர்.

செர்ட்ராலின் வேலையைக் காட்டச் சில வாரமாகும். முதல் வாரமே "மாத்திரை கேக்கலை" என்று போன் வரும். அதனால் இப்போதெல்லாம் அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: பொறுங்கள், நிறுத்தாதீர்கள், பால் கொடுக்கலாம்.