ஒரே ஆடிட், இரண்டு பையர்

கொண்டலாம்பட்டியில் படுக்கை விரிப்பு நெய்து ஏற்றுமதிக்குக் கொடுக்கிற யூனிட்டில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன், அதாவது தொழிலாளர் பாதுகாப்பு, வேலை நேர விதிகள் நடக்கிறதா என்று கவனிக்கிற வேலை. துணி வாங்குகிற பையர்கள் அதைச் சோதிக்க வருஷத்துக்கு நாலு ஆடிட் நடத்துவார்கள், நாலிலும் ஒரே கேள்வித்தாள். முதல் நாள் ராத்திரி அவசர வழியை மறித்த நூல் மூட்டைகளை நகர்த்துவோம். ஆடிட்டர் கார் கிளம்பியதும் மூட்டை பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்த முறை இரண்டு பையர்கள் பேசிவைத்து ஒரே ஆளை அனுப்பினார்கள், தேதியையும் முன்பே சொல்லி. வந்தவர் நேராகத் தறிக்கூடத்துக்குப் போய், "கதவுகிட்ட ஏம்மா அடுக்குறீங்க?" என்று கேட்டார். தறியில் நின்ற அக்கா யோசிக்கவே இல்லை. "கடைசி வாரத்துல ஆர்டரை ஏத்திடுறாங்க சார். நூல் மொத்தமா வந்து இறங்குது. வேற எங்க வைக்க?"

ஓவர்டைம் எகிறுவதற்கும் காரணம் அதேதான். அறிக்கையில் எங்களுக்கு மூன்று திருத்தம், பையர்களுக்கு ஒன்று: நூல் வாங்கிய பிறகு ஆர்டர் அளவை மாற்றக் கூடாது. அவர்கள் பக்கமும் எழுதி இதுவரை நான் பார்த்ததில்லை.

சான்றிதழ் மட்டும் வாங்கி மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சி இருக்கிறது. 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்த ஆடை ஆலைக்குச் சில வாரம் முன்புதான் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

சரி, எங்கள் கதை. அவசர வழிக்கு மஞ்சள் கோடு போட்டாயிற்று, மூட்டை எதுவும் இல்லை. முதலாளியின் டிவிஎஸ் மட்டும் கோட்டுக்குள் நிற்கிறது. யார் போய்ச் சொல்வது?